அப்பச்சோடாவில் அப்பம் எங்கே, சோடா எங்கே?

நான் முதன்முதலாகச் செய்த பட்டர் கேக்கைச் சாப்பிட்டவர்கள் இரண்டே பேர். நானும் தங்கச்சியும். ஒரு துண்டை வாயில் வைத்ததும் அவள் சொன்னது ஒரே சொல்: "சவுக்காரம்."

பொய் சொல்லவில்லை. கேக் நன்றாகப் பொங்கியிருந்தது, அளவுக்கு மீறிய மண்ணிறம், நடுவில் ஒரு பள்ளம், வாயில் குளியலறை வாசம். செய்முறையில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று இருந்தது. வீட்டில் இருந்ததோ அப்பச்சோடா. இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டும் பொங்க வைப்பவை, ஒன்றுக்குப் பதில் மற்றது போனால் என்ன என்று அதே ஒன்றரைத் தேக்கரண்டியைப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி வந்தா, ஒரு துண்டைக் கிள்ளி மணந்து பார்த்தா, சாப்பிடவில்லை.

"பிள்ளை, பேரிலேயே கிடக்குதெல்லோ, அப்பத்துக்குப் போடுற சோடா எண்டு. அதைக் கொண்டுபோய் ஏன் கேக்குக்குப் போட்டனீர்?"

மாமி சொன்னதில் பாதிதான் சரி. கேக்குக்கும் அப்பச்சோடா போடலாம். ஆனால் "பேரிலேயே கிடக்கு" என்றாவே, அது முழுக்கச் சரி. கடையில் சரையில் சுற்றித் தருகிற இந்த மலிவான தூளின் பெயரைப் பிரித்துப் படித்தால், அதை எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பது தானாகவே விளங்கும். புதிதாகக் கேக் செய்யப் பழகுகிறவர்களுக்கு அளவு அட்டவணையைவிட இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் சோடியம் இருகாபனேற்று. தமிழ்நாட்டில் சமையல் சோடா, ஆப்ப சோடா, சோடா உப்பு என்கிறார்கள். சிங்களத்திலும் ஆப்ப சோடாதான். ஆங்கிலத்தில் பேக்கிங் சோடா. கவனித்தீர்களா, ஆங்கிலக்காரர் போறணையை, அதாவது ஓவனை நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்கள் அப்பம் சுடுகிற தாச்சியை நினைத்து வைத்திருக்கிறோம். எங்கள் பெயர்தான் கூடுதலாக விஷயம் சொல்கிறது.

ஏன் என்று பார்க்க, பெயரின் முன்பாதியை எடுப்போம்.

அப்பம் பழைய பலகாரம். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் கூவியர் என்று ஒரு கூட்டத்தார் வருவார்கள். அப்பம் விற்கிறவர்கள் என்று அதற்கு உரை சொல்வார்கள். அதே அடியில் அவர்களுக்கு முன்னால் பிட்டு விற்கிறவர்கள், பின்னால் கள்ளு விற்கும் பெண்கள். எங்கள் ஊர்க் காலைச் சாப்பாட்டுக்கு வேண்டியவர்கள் எல்லாரும் ஒரே வரியில் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஏனென்றால் யாழ்ப்பாணத்து அப்பத்துக்குக் கள்ளு வேண்டும். பச்சை அரிசியை ஊறவைத்து இடித்து, அரித்த பிறகு மிஞ்சும் குறுநொய்யில் கப்பி காய்ச்சி, மாவோடு சேர்த்துக் குழைத்து, அதில் அரைப் பேணி பனங்கள்ளு விட்டு இரவு மூடி வைப்பார்கள். கள்ளில் உயிருள்ள நொதியம் இருக்கிறது. வெளியூரில் இருந்து பக்கற்றில் வருகிற ஈஸ்ட்டின் உறவுக்காரன்தான் அது. பனம்பாளையில் இருந்து சொட்டுகிற சாறு முட்டிக்குள் விழுந்த நேரத்தில் இருந்தே நொதிக்கத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசுவது. சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. அந்த நொதியம் மாவில் இருக்கும் இனிப்பைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவை விடும். கூடவே வளர்கிற பக்ரீறியாக்கள் புளிப்பைக் கொடுக்கும். காலையில் மூடியைத் திறந்தால் மா பொங்கி, மேலே குமிழ் குமிழாகக் கண் விட்டிருக்கும், மூக்கில் ஒரு புளித்த வாசம் ஏறும்.

ஆக, பொங்கல், புளிப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் அப்ப மா. தமிழ் வேதாகமத்தைப் படித்தவர்களுக்கு 'புளிப்பில்லாத அப்பம்' என்ற சொல் பழக்கமாக இருக்கும். அங்கே அப்பம் என்றால் பாண். புளிப்பில்லாதது என்று தனியாக அடைமொழி போட வேண்டியிருக்கிறது என்றால், சும்மா அப்பம் என்றால் புளித்ததுதான் என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கள்ளு எப்போதும் கிடைக்குமா? பனை பாளை விடாத மாதங்கள் உண்டு. கள்ளுத் தவறணைக்கு வீட்டில் யாரை அனுப்புவது என்ற சங்கடமும் உண்டு. (தவறணை என்ற சொல்லும் கப்பலேறி வந்ததுதான், பாண் வந்த வழியில்.) குடியைத் தொடாத வீடுகளில் கள்ளுப் போத்தல் குசினிக்குள் வருவதையே விரும்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் இளநீரும் சீனியும் விட்டுப் புளிக்க வைப்பார்கள், பாண் துண்டை ஊறவைத்துக் குழைத்து விடுவார்கள், ஈஸ்ட் போடுவார்கள். எதைச் செய்தாலும் காலையில் மா மந்தமாக இருந்தால், அல்லது நன்றாகப் பொங்கியும் புளிப்புக் கூடிவிட்டால், கடைசிக் கையாக ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். உடனே நுரைத்துக்கொண்டு எழும். புளிப்பும் தணியும். அப்பத்தின் ஓரம் வலைபோல மொறுமொறுவென்று வரும். அப்பச்சோடா என்ற பெயரில் இருக்கும் அப்பம் இந்தக் கடைசிக் கைதான்.

இனிப் பின்பாதி.

சோடா என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது போத்தலில் வரும் கலர் தண்ணீர். விருந்தாளி வந்தால் "ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிவா" என்றுதான் சின்னப் பிள்ளையை அனுப்புவோம். அது செவ்வண்ணமோ பச்சையோ, இஞ்சியோ ஒரேஞ்சோ, எல்லாம் சோடா. இந்தச் சோடாவுக்கும் அந்தச் சோடாவுக்கும் என்ன உறவு என்று நான் பல வருடங்கள் யோசித்ததே இல்லை.

சோடா என்பது முதலில் சாம்பல். கடற்கரைச் சேற்று நிலத்தில், உப்பைக் குடித்து வளரும் சில செடிகள் உண்டு. எங்கள் பக்கத்தில் கடனீரேரிக் கரைகளில் உமரி வளர்கிறதே, அந்த மாதிரிச் செடிகள்தான். கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும், தண்டு சதைப்பிடிப்பாக இருக்கும். மத்தியதரைக் கடலோரங்களில் இப்படிப்பட்ட செடிகளை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தச் சாம்பலை எடுத்துக் கண்ணாடியும் சவர்க்காரமும் செய்தார்கள். அந்தச் செடிக்கும் அதன் சாம்பலுக்கும் வழங்கிய பெயர்தான் சோடா. அவற்றில் ஒன்றின் லத்தீன் பெயர் சல்சோலா சோடா. செடியைத் தின்னவும் செய்வார்கள், அது வேறு கதை.

சாம்பல் தண்ணீர் கையில் பட்டால் வழுக்கும். அழுக்கை, எண்ணெய்ப்பிசுக்கை எடுக்கும். அடுப்புச் சாம்பலால் சட்டி மினுக்கிய எவருக்கும் இது தெரியும். இந்தக் குணத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: காரம். சவுக்காரம், வெங்காரம், அப்பளத்துக்குப் போடுகிற அப்பளக்காரம், எல்லாவற்றிலும் இருப்பது அதே காரம். மிளகாயை நாங்கள் உறைப்பு என்பதால் இங்கே குழப்பம் குறைவு. அப்பளக்காரத்தையும் அப்பச்சோடாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் பலகாரத்தின் பெயர், பின்னால் காரத்தின் பெயர். ஒரே அச்சில் வார்த்த சொற்கள். காரம் இருந்த இடத்தில் சோடா வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

செடியை எரித்துக் கிடைக்கும் சோடா தொழிற்சாலைகளுக்குப் போதாமல் போனபோது, கறியுப்பில் இருந்தே சோடா செய்யும் வழியை 1791இல் நிக்கோலா லெபிளாங் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துக் காப்புரிமை எடுத்தார். 1860களில் பெல்ஜியத்தின் ஏர்னஸ்ட் சொல்வே அதைவிட மலிவான வழி கண்டார். உப்பு, சுண்ணாம்புக்கல், அமோனியா, இவ்வளவும் இருந்தால் சோடா. அந்த இரண்டு பேரால்தான் கண்ணாடிக்காரரும் சவர்க்காரக்காரரும் வாங்கிய பொருள், சரையில் மடித்து விற்கும் அளவுக்கு மலிந்தது.

இடையில் 1807இல் ஹம்பிரி டேவி என்ற இங்கிலாந்துக்காரர் கோஸ்டிக் சோடாவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சோடாவில் இருந்து வந்ததால் சோடியம் என்று பெயர் வைத்தார். சாம்பலின் பெயர்தான் உலோகத்துக்குப் போனது, உலோகத்தின் பெயர் சாம்பலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏன் சோடியத்தின் குறியீடு மட்டும் Na என்று இருக்கிறது என்று கேட்பீர்கள். எகிப்தின் வறண்ட ஏரிகளில் இயற்கையாகவே படிந்து கிடக்கும் சோடாவுக்கு நேட்ரன் என்று பெயர். பழைய எகிப்தியர் பிணத்தைப் பதப்படுத்தியது அதில்தான். அதில் இருந்து வந்த நேட்ரியம் என்ற பெயரின் முதலெழுத்துகள் அவை.

இப்போது சோடாக் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். இது முக்கியம், ஏனென்றால் இதில் ஒருவரை வாயில் வைக்கவே கூடாது. சலவைச் சோடா துணிக்கு. கோஸ்டிக் சோடா சவர்க்காரம் காய்ச்சவும் அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கவும். தோலில் பட்டாலே புண்ணாக்கும், குசினி அலுமாரிப் பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள். ஆனையிறவு உப்பை எடுத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் செய்தது இந்தக் கோஸ்டிக் சோடாவைத்தான். யுத்தத்தோடு அது நின்றுபோனது. அப்பச்சோடா இந்தக் குடும்பத்தின் மிகச் சாதுவான பிள்ளை. ஆனாலும் பிறப்பால் காரம்தான்.

போத்தல் சோடாவுக்கு வருவோம். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிறீஸ்ட்லி என்ற பாதிரியார் பியர் நொதிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்து அதில் காபனீரொட்சைட்டை ஏற்றிப் பார்த்தார். பிற்பாடு அந்தத் தண்ணீரை விற்பனைக்குச் செய்தவர்கள் சோடாவையும் சேர்த்தார்கள். சோடாத் தண்ணீர் என்ற பெயர் அப்படி வந்தது. இன்றைக்கு இனிப்புச் சோடாவில் இருப்பது உருளையில் இருந்து ஏற்றிய வாயு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால் போத்தலைத் திறக்கும்போது 'உஸ்' என்று வருவதும், புளித்த அப்பமாவில் அப்பச்சோடாவைப் போட்டால் நுரைத்து வருவதும், தவறணையில் முட்டியின் வாயில் நுரைத்து வழிவதும் ஒரே வாயு.

இப்போது பெயரை மறுபடியும் சேர்த்துப் படியுங்கள். அப்பம் என்றால் புளிப்பு. சோடா என்றால் காரம். காரமும் புளிப்பும் சந்தித்தால்தான் வாயு. அப்பச்சோடா தனியே பாதி ஆள், மற்றப் பாதி புளித்த மாவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு கரண்டியில் சிட்டிகை அப்பச்சோடா எடுத்து அதில் நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். சீறிக்கொண்டு நுரைக்கும், பத்து விநாடியில் அடங்கிவிடும். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. புளி தொட்டவுடன் வேலை தொடங்கிவிடுகிறது, ஆகவே கலந்த மாவை வைத்துக்கொண்டு தொலைபேசியில் கதைக்கக்கூடாது, உடனே ஓவனுக்குள் தள்ள வேண்டும். நுரைக்கவில்லை என்றால் அந்தத் தூளைத் துணி தோய்க்கப் பாவிக்கலாம், கேக்குக்கு வேண்டாம்.

என் பட்டர் கேக்கில் நடந்ததும் இப்போது விளங்கும். பட்டர், சீனி, முட்டை, கோதுமை மா, வனிலா. புளிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. புளி இல்லாவிட்டாலும் அப்பச்சோடா சூட்டில் உடையும், கொஞ்ச வாயு விடும், அதுதான் கேக் எழும்பியது. ஆனால் உடைந்த பிறகு மிஞ்சுவது என்ன தெரியுமா? சலவைச் சோடா. துணிக்குப் போடுகிற அதே சாமான். கொழுப்போடு காரம் சேர்ந்தால்தான் சவர்க்காரம், எனக்குப் பட்டர் வேறு தாராளமாக இருந்தது. தங்கச்சி நாக்கால் செய்த இரசாயனப் பரிசோதனை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பேக்கிங் பவுடர் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. 1843இல் பர்மிங்ஹாமில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக அதைச் செய்தார். அப்பச்சோடாவோடு உலர்ந்த புளித்தூள் ஒன்றையும் சேர்த்து, ஈரம் படாமல் இருக்க மாப்பொருள் கலந்து வைப்பது, அவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் காலத்தில் பாவித்த புளித்தூள் திராட்சை மதுப் பீப்பாயின் அடியில் படிவதில் இருந்து எடுத்தது. அவர்களுக்கும் புளிப்புக் கொடுத்தது மதுதான், எங்களுக்குப் பனை, அவர்களுக்குத் திராட்சை.

ஆகவே அளவு ஒன்றாக இருக்காது. ஒரு கோப்பைக் கோதுமை மாவுக்குப் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி என்றால் அப்பச்சோடா கால் தேக்கரண்டி போதும், அதுவும் தயிர், மோர், தேசிக்காய்ப் புளி, வினாகிரி என்று ஏதாவது புளி சேர்ந்தால் மட்டும். ஒரு கோப்பை மோருக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. செய்முறையில் இரண்டையும் போடச் சொன்னால் பயப்படாதீர்கள். அப்பச்சோடா தயிரின் புளிப்பை அடக்க, மீதிப் பொங்கலுக்குப் பேக்கிங் பவுடர்.

புளிப்புக்காக இல்லாமல் காரத்துக்காகவே அப்பச்சோடா போடுகிற இடங்களும் உண்டு. பேரீச்சம்பழக் கேக் செய்கிறவர்களுக்குத் தெரியும்: கொட்டை எடுத்த பழத்தை நறுக்கி, மேலே ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவி, கொதிநீர் விட்டு மூடி வைப்பார்கள். அரை மணித்தியாலத்தில் தோல் கரைந்து, தண்ணீர் கறுத்த பாகு மாதிரி ஆகிவிடும். காரம் பழத்தின் தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கிறது, நிறத்தையும் கறுப்பிக்கிறது. அந்தக் கேக் கறுப்பாக, ஈரமாக வருவது அதனால்தான். கடலை அவிக்கும்போது ஒரு சிட்டிகை போடுவதும் இதே காரணத்துக்கு. கடலை சீக்கிரம் பூவாக அவியும், ஆனால் உயிர்ச்சத்து பி1 போய்விடும். விறகோ எரிவாயுவோ மிச்சம் பிடிக்க அதைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், நான் முதல்நாளே ஊறப்போட்டுவிடுவேன்.

வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் ஒரு கணக்கு. ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 2,000 மில்லிகிராமுக்குக் குறைவு. உப்புக் குறைத்துச் சாப்பிடுகிறேன் என்பவர்கள், வயிறு எரிந்தால் இதைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நாக்குக்குத் தெரியாத உப்பு அது.

போன மாதம் மாமி வீட்டில் அப்பம். யாரோ நல்ல பனங்கள்ளு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நான் விடியவே போய்விட்டேன், சட்டியைத் திறப்பதைப் பார்க்க வேண்டும் என்று. மூடியை எடுத்தபோது மா விளிம்புவரை வந்து நின்றது. அகப்பையால் ஒருதரம் கிளறினா, உஸ் என்று இறங்கி மறுபடி எழும்பியது. அடுப்பங்கரைத் தட்டில் இருந்து அப்பச்சோடா டப்பாவை நான் எட்டி எடுத்து நீட்டினேன். மாமி சுட்டுவிரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தா. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தா.

"காணும். அதை அங்கேயே வையும்."